எழும்பாத மேல்மூடி: மதுரை வீடொன்றில் ஃபிஷ் பை, ஒரு நிகழ்வு ஆய்வு

மே மாதம், மீன்பிடித் தடைக்காலம், மொட்டை மாடிக்கு நேர் கீழே அடுப்படி, எட்டுப் பேருக்குச் சாப்பாடு. இந்த நிலையில் பழங்காநத்தத்தில் ஒரு வீட்டில் ஃபிஷ் பை, அதாவது மீன் கலவையை மாவு மூடியால் மூடிச் சுடும் பண்டம், செய்தார்கள். கெட்டுப்போனது. அடுத்த வாரம் அதே வீட்டில், அதே அடுப்பில், அதே கடையில் வாங்கிய பஃப் ஷீட்டை (பப்ஸுக்குப் போடும் ஏடு ஏடான பஃப் பேஸ்ட்ரி மாவுத் தகடு) வைத்துச் செய்தபோது நன்றாக வந்தது. நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மதுரையில் வீட்டிலேயே பேக்கிங் வகுப்பு எடுக்கிறேன். பஃப் பேஸ்ட்ரி பற்றி என்னிடம் வரும் புகார்களில் முக்கால்வாசி "ஷீட் சரியில்லை" என்றோ "ஓவன் சரியில்லை" என்றோதான் ஆரம்பிக்கும். இந்த வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. பார்த்தால் இரண்டிலுமே குறை இல்லை. மூடி கெட்டதற்குக் காரணம் மூடிக்குக் கீழே இருந்தது.

வீடும் ஆட்களும்

என்னிடம் வகுப்புக்கு வந்துபோகும் ஒரு பெண்ணின் வீடு அது. அவரும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். கீழ்வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன், அவர் மனைவி. சமையல் பெரும்பாலும் மாடியில், எல்லாருக்கும் சேர்த்துத்தான். மாமியாரைப் பிள்ளைகள் அப்பத்தா என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அவர் பிறந்த ஊர் கீழக்கரைப் பக்கம். மீனைப் பற்றி அந்த வீட்டில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

பிள்ளைகளுக்கு அங்கே சாப்பிட்டுப் பழகிய ஃபிஷ் பை வேண்டும். அந்த நாட்டு முறை இது: காட், ஹாடக் போன்ற வெள்ளைச் சதை மீனோடு, புகை போட்ட ஹாடக்கையும் கொஞ்சம் சேர்த்துப் பாலில் வேக வைப்பார்கள். மீனை எடுத்துவிட்டு, அந்தப் பாலையே வெண்ணெயும் மைதாவும் சேர்த்துக் கெட்டியாக்கிச் சாஸ் ஆக்குவார்கள். மீன், இறால், வெந்த முட்டை, பச்சைப் பட்டாணி எல்லாம் அதில் போய்ச் சேரும். மேலே மசித்த உருளைக்கிழங்கைப் பரப்புவது பொது வழக்கம். பஃப் பேஸ்ட்ரியால் மூடிச் சுடுவதும் உண்டு, இந்தப் பிள்ளைகள் கேட்டது அதைத்தான். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் மௌஸ்ஹோல் என்ற மீனவக் கிராமத்தில் டிசம்பர் 23 அன்று மீன் தலைகள் மூடிக்கு வெளியே வானத்தைப் பார்த்தபடி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பை செய்வார்கள். பேரன் அதைப் படத்தில் காட்டியபோது, "தலை வெளிய தெரிஞ்சாத்தானப்பா உள்ள என்ன மீனுன்னு நம்பிச் சாப்பிடலாம்" என்றாராம் அப்பத்தா. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. மீனவர் ஊரில் பிறந்தவருக்குத்தான் அது உடனே புரியும்.

முதல் முறை நடந்தது

சித்திரைத் திருவிழா நாட்களில் அந்த வீட்டில் கவுச்சி கிடையாது. அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து வைத்திருந்தார்கள். ஆனால் அது தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்பதால் மீன் அடியோடு நின்றுவிடாது. ஆனால் வரத்துக் குறையும், விலை ஏறும். கரிமேடு மீன் மார்க்கெட்டில் அன்றைக்குக் கிடைத்ததன் விலையைக் கேட்டுவிட்டு, சூப்பர் மார்க்கெட்டில் ஃப்ரீசரில் இருந்த முள் இல்லாத பாசா மீன் பாக்கெட்டுகளை வாங்கி வந்தார் கணவர்.

மீனைக் காலையிலேயே பாத்திரத்தில் போட்டு வெளியே வைத்துவிட்டார்கள். பஃப் ஷீட்டையும் அதே நேரத்தில் மேடையில் எடுத்து வைத்தார்கள். பாலை அடுப்பில் ஏற்றும்போது அப்பத்தா மேலே வந்தார்.

"ஏத்தா, பாலுலயா மீனப் போடப் போற?"

"ஆமாங்கத்த, அங்கெல்லாம் இப்படித்தான் செய்வாங்க."

"அங்க செய்வாக. இங்க பிள்ளைகளுக்கு மேலெல்லாம் வெள்ளை விழுந்தா ஆரு பதில் சொல்றது?"

அதோடு பால் இறங்கியது. அவசரத்துக்கு ஒரு தேங்காயைத் துருவி, மூன்று முறை பிழிந்த பாலையும் ஒன்றாகக் கலந்து, மைதா போடாமல் அப்படியே கொதிக்க விட்டு, மீனையும் காய்கறியையும் போட்டார்கள். சூடு ஆறும் முன்பே கண்ணாடித் தட்டில் ஊற்றி, மேலே ஷீட்டைப் போர்த்தி, முட்டையைத் தாராளமாகத் தடவி, ஓரங்களிலும் வழிய விட்டு, ஓடிஜியை (வீட்டில் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) அப்போதுதான் போட்டு உள்ளே தள்ளினார்கள். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு மேலே நல்ல பழுப்பு நிறம். வெட்டினால் கீழே பிசுபிசுவென்று வேகாத மாவு, அதற்கும் கீழே எண்ணெய் திரண்டு மிதக்கும் தண்ணீர்க் குழம்பு. பிள்ளைகள் மேலே இருந்த மொறுமொறுப்பை மட்டும் பிய்த்துச் சாப்பிட்டார்கள். பெரியவர்கள் மீன் துண்டுகளைச் சோற்றில் போட்டுக்கொண்டார்கள்.

நான் பார்த்தது

மறுநாள் போனேன். ஒரு துண்டை ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்திருந்தார். நல்ல வேலை செய்தார். கெட்டுப்போன பண்டத்தை உடனே குப்பையில் போட்டுவிட்டால் காரணமும் அதோடு போய்விடும்.

அந்தத் துண்டைக் கத்தியால் நறுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேலே மூன்று நான்கு ஏடுகள் காகிதம் போலத் தனித்தனியாக விரிந்திருந்தன. அவற்றுக்குக் கீழே, விரல் நகத்தின் கனத்துக்கு, வெளிறிய ரப்பர் மாதிரி ஒரே பட்டை. ஏடு இருந்த சுவடே இல்லை. அழுத்தினால் எண்ணெய் கசிந்தது. ஓரங்களில் முட்டை காய்ந்து ஏடுகளைப் பசை போட்டாற்போல ஒட்டி வைத்திருந்தது. தட்டின் விளிம்பை விட்டு மூடி ஒரு பக்கம் உள்ளே சரிந்திருந்தது.

ஷீட்டில் ஒரு துண்டு மீதம் இருந்தது, ஃப்ரீசரிலேயே இருந்திருக்கிறது. அதை எடுத்து, அதே ஓடிஜியை நன்றாகச் சூடாக்கி, தனியாக ஒரு தட்டில் வைத்துச் சுட்டோம். மூன்று விரல் உயரத்துக்கு எழும்பியது. உள்ளேயும் முழுதாக வெந்திருந்தது. ஓவன் தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பார்த்தேன். திருகு 200 காட்டும்போது உள்ளே 190 டிகிரி. வீட்டு ஓடிஜிக்கு அது பெரிய பிழை இல்லை. ஷீட் மீதும் ஓவன் மீதும் இருந்த பழி அங்கேயே தீர்ந்தது. பஃப் பேஸ்ட்ரி கெட்டால் யாராக இருந்தாலும் முதலில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்பேன். ஒரு சின்னத் துண்டை வெறுமனே சுட்டுப் பார்த்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

ஏடு எழும்புவது எதனால்

பஃப் பேஸ்ட்ரியில் ஈஸ்ட் இல்லை, சோடா இல்லை. மாவுக்கு நடுவில் வெண்ணெயையோ கெட்டிக் கொழுப்பையோ வைத்து மடித்து, தேய்த்து, திரும்ப மடிக்கிறார்கள். மூன்றாக மடிப்பதை ஆறு முறை செய்தால் கொழுப்பு 729 அடுக்காகப் பிரியும். அடுப்பில் மாவில் உள்ள தண்ணீர் ஆவியாகி வெளியே வரப் பார்க்கும். இரண்டு மாவு ஏடுகளுக்கு நடுவில் கொழுப்பு இருப்பதால் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆவி அவற்றைத் தள்ளித் தூக்கிவிடும். தூக்கிய நிலையிலேயே மாவு வெந்து இறுகிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

நம் ஊர்ப் பரோட்டாவிலும் ஏடு உண்டு, ஆனால் அதில் எண்ணெய் திரவமாக இருக்கிறது, கல்லில் அடியிலிருந்து சூடு ஏறுகிறது, கடைசியில் கையால் அடித்து ஏட்டைப் பிரிக்கிறோம். பஃப்பில் அந்த அடியை ஆவிதான் அடிக்க வேண்டும். அதற்குக் கொழுப்பு கடைசி நிமிடம் வரை கெட்டியாக இருந்தாக வேண்டும், சூடு திடீரென்று ஏற வேண்டும். கொழுப்பு முன்கூட்டியே உருகினால் மாவு அதைக் குடித்துவிடும். ஏடுகள் ஒன்றாகிவிடும். நான் வெளிச்சத்தில் பார்த்த ரப்பர்ப் பட்டை அதுதான்.

வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் முழுதாக உருகிவிடும். அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். அந்த அடுப்படியில் பிற்பகலில் நான் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தபோது 37 டிகிரி. கடை ஷீட்களில் பெரும்பாலும் வெண்ணெய்க்குப் பதில் அதைவிட உயர்ந்த சூட்டில் உருகும் தாவரக் கொழுப்பைப் போடுகிறார்கள், அதனால்தான் நம் வெயிலிலும் பேக்கரிகளில் பப்ஸ் எழும்புகிறது. அப்படிப்பட்ட கொழுப்பு என்றாலே இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு இருக்குமோ என்ற பயம் இருந்தது. 2022 முதல் எண்ணெய், கொழுப்பு எதிலும் அது 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து வாங்குவது நல்லது.

சிம்மக்கல் பக்கம் எனக்குத் தெரிந்த பேக்கரி மாஸ்டர் ஒருவரிடம் கேட்டேன். கோடையில் மடிப்பு வேலையை விடிவதற்கு முன்பே முடித்துவிடுவாராம். "வெயில் ஏறிட்டா மடிப்பு கெட்டுரும்மா, அப்புறம் அடுப்பு என்ன செய்யும்?" என்றார். அந்தக் கேள்வியில் இந்த ஆய்வு முழுக்க அடங்கிவிடும். ஆகவே யாரேனும் மே மாதத்தில் மதுரையில் வெண்ணெய் வைத்துப் பஃப் மாவை வீட்டில் மடிக்கப் போகிறேன் என்றால், மார்கழி வரை பொறுங்கள் என்றுதான் சொல்வேன். கடை ஷீட்டை வாங்குவதில் எந்தக் குறைவும் இல்லை.

தண்ணீர் வந்த வழிகள்

ஆனால் இந்த வீட்டில் அடுப்படிச் சூட்டைவிடப் பெரிய காரணம் தண்ணீர். மூன்று வழிகளில் வந்திருக்கிறது.

முதல் வழி மீன். வெள்ளைச் சதை மீனில் எடைக்கு ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். சூடு பட்டதும் சதை சுருங்கி அதில் ஒரு பகுதியை வெளியே விடும். பாசா அதிலும் கூடுதல். மேகாங் ஆற்றுப் பகுதியில் பண்ணையில் வளரும் கெளுத்தி இனம் அது, ஆந்திராவிலும் வளர்க்கிறார்கள். உறைய வைத்து வரும் துண்டுகளுக்கு மேலே பனிப்பூச்சு வேறு இருக்கும். இன்னொரு பாக்கெட்டைப் பிரித்து வடிகட்டியில் போட்டு ஃப்ரிட்ஜில் ஒரு இரவு வைத்தோம். காலையில் கீழே ஒரு டம்ளர் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீர் அத்தனையும் முதல் நாள் சாஸில்தான் கலந்திருக்கிறது.

இரண்டாவது வழி சாஸ். மாவு போட்டுக் கெட்டியாக்காத தேங்காய்ப்பால் கொதித்தால் திரிந்துவிடும். அதிலுள்ள புரதம்தான் கொழுப்பைத் தண்ணீரில் பிடித்து வைத்திருக்கிறது. சூட்டில் புரதம் திரள, எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே. சொதி வைக்கும்போது முதல் பாலைக் கடைசியில் ஊற்றி உடனே இறக்குகிறோமே, அந்தப் பழக்கம் இதற்காகத்தான் வந்தது. ஓவனுக்குள் போகும் சாஸை அப்படி உடனே இறக்க முடியாது. அரை மணி நேரத்துக்கு மேல் அங்கேயே கொதிக்கும்.

மூன்றாவது வழியை யாரும் கவனிப்பதில்லை. கொதிக்கும் கலவையின் மேல் ஷீட்டைப் போர்த்தினால், அடுப்புக்குள் போகும் முன்பே அடியிலிருந்து நீராவி ஏறிக்கொண்டே இருக்கும். ஷீட்டின் அடி ஏடுகள் அதில் அவிந்துபோகும், கொழுப்பு உருகும். மேல் மூன்று நான்கு ஏடுகளுக்கு மட்டும் அந்த ஆவி எட்டவில்லை, அதனால் அவை மட்டும் பிழைத்தன. இந்தப் பெண்ணுக்கு நான் சொன்னவற்றில் மிக முக்கியம் இதுதான்: ஃபிஷ் பையில் மூடி போகும் நேரத்தில் கலவை ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். ஆறியிருந்தால் போதாது. மதுரையில் மே மாதம் ஆறிய பண்டமும் 37 டிகிரியில்தான் இருக்கும்.

ஓரத்தில் வழிந்த முட்டையும் ஓடிஜியைச் சூடாக்காமல் வைத்ததும் தங்கள் பங்குக்குக் கெடுத்தன. அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

பாலா, தேங்காய்ப்பாலா

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அப்பத்தா சொன்னது அவர் வீட்டில் மட்டும் உள்ள நம்பிக்கை இல்லை. மீனையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்பது தமிழ்நாடெங்கும் வீடுகளில் உண்டு, பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையும் அதை விரோத உணவாக, அதாவது ஒன்றாகச் சேரக் கூடாததாகச் சொல்கிறது. வெண்புள்ளி, தோலின் நிறமணுக்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்குவதால் வருவது. மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டால் வருவதில்லை. கடலோரத்தில் பாலில் மீனை வேக வைத்துத் தின்னும் நாடுகள் எத்தனையோ இருக்கின்றன.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். ஆனால் அப்பத்தாவிடம் வாதம் பண்ண வேண்டாம் என்றும் சொன்னேன். மனதார உறுதியாக நம்பும் ஒருவரைச் சாப்பாட்டு மேசையில் தோற்கடித்து, அவர் தொடாத தட்டை வைத்துக் குடும்பச் சாப்பாடு நடத்த முடியாது. எட்டுப் பேரும் சாப்பிடாவிட்டால் அதை எதற்குக் குடும்பப் பை என்று சொல்ல வேண்டும்? அதோடு தேங்காய்ப்பால் என்பது அந்த வீட்டுக்கு மாற்று ஏற்பாடு இல்லை. கீழக்கரைப் பக்கத்துச் சமையலில் மீனும் தேங்காய்ப்பாலும் பழைய கூட்டாளிகள். அதைச் சரியாகக் கட்டினால் பசும்பாலைவிட மீனுக்கு இசையும் என்பது என் எண்ணம்.

பிள்ளைகள் சொன்ன குறை வேறொன்று. அங்கே சாப்பிட்டதில் புகைவாசம் இருந்ததாம், இதில் இல்லையாம். அது புகை போட்ட ஹாடக்கின் வாசம். அதற்கு மதுரையில் எங்கே போவது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, அப்பத்தா ஒன்றும் சொல்லாமல் கீழே போய் ஒரு டின்னை எடுத்து வந்தார். திறந்தால் மாசி. சூரை மீனை வேக வைத்து, புகை போட்டு, கட்டையாகும் வரை வெயிலில் காய வைப்பது. மாலத்தீவில் பிறந்த பண்டம், ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரை வீடுகளில் சம்பலுக்கு வைத்திருப்பார்கள். ஒரு துண்டை அம்மியில் தட்டி என் கையில் கொடுத்தார். முகர்ந்து பார்த்தேன். பேரப்பிள்ளைகள் தேடிய வாசம் அந்த வீட்டின் கீழ்தளத்திலேயே இருந்திருக்கிறது.

இரண்டாம் முறை

இந்த முறை கரிமேட்டில் காலையில் சீக்கிரம் போய் நாட்டுப்படகு விளமீன் வாங்கினார்கள். முள்ளும் தோலும் நீக்கிய சதையாக முக்கால் கிலோ, கால் கிலோ உரித்த இறால். விலை கூடுதல்தான், ஆனால் தலையும் முள்ளும் வீட்டுக்கு வந்தன, அப்பத்தா அதில் அன்றைக்கே புளிக்குழம்பு வைத்துவிட்டார்.

சதையில் ஒரு டீஸ்பூன் உப்பைத் தூவி வடிகட்டியில் வைத்து, இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் விட்டு, துணியால் ஒற்றி எடுத்தோம். இரண்டு தேங்காயில் முதல் பால் 200 மில்லி தனியாக, இரண்டாம் பால் 300 மில்லி தனியாக. மூன்றாம் பால் எடுக்கவே இல்லை. இரண்டாம் பாலில் மீனைக் கொதிக்க விடாமல், ஓரத்தில் சின்னக் குமிழி வரும் சூட்டில், சதை பிரியத் தொடங்கும் வரை மட்டும் வைத்து எடுத்துத் தட்டில் பரப்பினோம். தட்டைக் கொஞ்சம் சாய்த்து வைத்தோம். கால் மணி நேரத்தில் கீழ் ஓரத்தில் நல்ல மீன்சாறு தேங்கியது. அதைக் கொட்டவில்லை, சாஸிலேயே சேர்த்து வற்ற விட்டோம். தண்ணீர்தானே பகை, சாற்றின் ருசி என்ன பாவம் செய்தது?

வெண்ணெய் 50 கிராம், மைதா 50 கிராம். வெண்ணெய் என்றதும் எல்லாரும் அப்பத்தாவைப் பார்த்தார்கள். "வெண்ணெய்க்கு ஒண்ணும் இல்ல, பாலுதான் ஆகாது" என்று தீர்ப்பு வந்தது. அதில் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயத்தை வதக்கி, மைதாவைப் பச்சை வாசம் போக வறுத்து, மீன் வெந்த இரண்டாம் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறினோம். ஒரு டீஸ்பூன் மாசித் தூள், இடித்த மிளகு. கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அந்தப் பதத்துக்குப் பிறகுதான் முதல் பால். மாவு ஏற்கெனவே இறுகிப் பிடித்திருப்பதால் அது திரியவில்லை, பிறகு ஓவனில் கொதித்தபோதும் திரியவில்லை. எலுமிச்சை பிழியலாமா என்று கொழுந்தன் மனைவி கேட்டார். புளிப்புத் தனியாக இருக்கட்டும் என்று மாங்காய்ப் பச்சடியாக வைத்துக்கொண்டோம்.

பட்டாணி, பச்சை இறால், நான்காக வெட்டிய முட்டை, கடைசியாக மீன். அளவுக்கு மீறிக் கிளறினால் மீன் கரைந்துவிடும், இரண்டு முறை புரட்டினால் போதும். ஃபேனுக்குக் கீழே வைத்துச் சூடு தணிந்ததும் உடனே ஃப்ரிட்ஜுக்குள். இந்த வெயிலில் தேங்காய்ப்பாலும் மீனும் கலந்ததை வெளியே விட்டு வைக்கவே கூடாது. இரண்டு மணி நேரத்தில் கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு இறுகிவிட்டது.

ஷீட் வேலையை அடுப்படியில் செய்யவில்லை. ஏசி இருந்த படுக்கையறையில், பெரிய தாம்பாளத்தில் ஐஸ்கட்டியைக் கொட்டி, அதன்மேல் அடி தட்டையான எவர்சில்வர் ட்ரே. அதில் வைத்து வெட்டினோம். கூரான கத்தியால் ஒரே இழுப்பாக வெட்ட வேண்டும், அழுத்தி அறுத்தால் ஓரத்தில் ஏடுகள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். தட்டின் விளிம்பில் தண்ணீர் தடவி ஒரு விரல் அகலப் பட்டையை முதலில் ஒட்டி, அதன்மேல் மூடியை வைத்து அழுத்தினோம். முதல் முறை மூடி சரிந்து உள்ளே விழுந்தது, அதற்கு இந்தப் பட்டைதான் மருந்து. நடுவில் ஆவி போக இரண்டு கீறல். முட்டையை மேலே மட்டும் தடவி, வெட்டிய ஓரத்தில் ஒரு சொட்டும் படாமல் பார்த்துக்கொண்டோம். பிறகு தட்டோடு ஃப்ரீசரில் கால் மணி நேரம்.

கண்ணாடித் தட்டு ஃப்ரீசரிலிருந்து நேராகச் சூட்டுக்குப் போனால் விரிசல் விடலாம் என்பதால், இந்த முறை எவர்சில்வர் தட்டுக்கு மாறியிருந்தோம்.

ஓடிஜி இரண்டு கம்பியும் எரிய இருபத்தைந்து நிமிடம் முன்பே போட்டிருந்தது. 210 டிகிரியில் இருபது நிமிடம், 180-இல் இன்னொரு இருபது. முதல் கால் மணி நேரத்தில் கதவைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். பேரன் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். பத்தாவது நிமிடத்தில் ஓரம் தூக்குவது வெளியிலிருந்தே தெரிந்தது. மூடி பழுப்பானதும் எடுத்துவிடவில்லை. நடுக்கீறல் வழியே சாஸ் குமிழிவிட்டுக் கொதிப்பது தெரிந்த பிறகே எடுத்தோம், குளிர்ந்த கலவை நடுவரை சூடாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

விளைவு

பத்து நிமிடம் ஆற விட்டு வெட்டினோம். மூடி இரண்டு விரலுக்கு மேல் எழும்பியிருந்தது. சாஸைத் தொட்ட கடைசி ஏடு மட்டும் மெத்தென்று, ஈரமாக இருந்தது. எந்தப் பையிலும் அது அப்படித்தான் இருக்கும், சொல்லப்போனால் எனக்கு அந்த ஏடுதான் பிடிக்கும். சாஸ் தட்டில் பரவி ஓடாமல் மீனைப் பிடித்துக்கொண்டு நின்றது. மாசியின் புகைவாசம் வெட்டிய உடனே எழுந்தது. "ஸ்கூல்ல குடுத்தது மாதிரி இல்ல, ஆனா இது வேணும்" என்றாள் பேத்தி. அப்பத்தா மூடியைத் தனியாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே இருந்ததை முதலில் சாப்பிட்டு முடித்து, பிறகு மூடியை டீயில் தொட்டுச் சாப்பிட்டார். அவருக்கு அது பேக்கரிப் பப்ஸ்.

இதே முறையில் வேறு மீன் போடுவதைப் பற்றி. ஜூன் 15-க்குப் பிறகு பாறை, கொடுவா, வஞ்சிரம் எல்லாம் தாராளமாகக் கிடைக்கும், மூன்றும் நன்றாக இருக்கும். வஞ்சிரம் சீக்கிரம் வறண்டுவிடும் என்பதால் முன்வேக்காட்டைப் பாதியாக்குங்கள். வைகை அணையிலிருந்து வரும் கட்லா, ரோகு இரண்டையும் பிள்ளைகள் சாப்பிடும் பையில் போட வேண்டாம். சதைக்குள் கவட்டை முள் இருக்கும், வெள்ளைச் சாஸில் அது கண்ணுக்குத் தெரியாது. மேலூர்ப் பக்கம் கண்மாயில் மீன்பிடித் திருவிழா நடக்கும்போது விரால் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம், அதில் அந்தத் தொல்லை இல்லை. பாசாதான் கிடைக்கிறது என்றால் அதுவும் சரி, ஆனால் முதல் நாள் இரவே வடிகட்டியில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். எந்த மீனாக இருந்தாலும் வேக வைத்து எடுத்த பிறகு, ஒவ்வொரு துண்டையும் விரலால் தடவி முள் பார்த்துத்தான் சாஸில் போட வேண்டும். அந்த வீட்டில் அந்த வேலையை அப்பத்தா செய்தார். விளமீனில் கடைக்காரர் விட்டிருந்த முள்ளையும் எடுத்துப் போட்டார்.

மீந்ததை மைக்ரோவேவில் சூடாக்கினால் மூடி தோல் மாதிரி ஆகிவிடும். மூடியைத் தனியே எடுத்துத் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் சிறு தீயில் வைத்து, கலவையை வேறு பாத்திரத்தில் கொதிக்கும் வரை சூடாக்கி, பரிமாறும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். மறுநாளைக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.